செயற்கை இரத்தினக்கற்கள்: நிறமும் பெயரும் விலையும்

கொழும்பு செட்டியார் தெருவிலும், யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலும், காத்தான்குடி, கல்முனை, கண்டி முதலான நகரங்களிலும் உள்ள நகைக்கடைகளின் கண்ணாடிப் பேழைகளில், சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், ஊதா என எல்லா நிறங்களிலும் கல் பதித்த நகைகளை இன்று காணலாம். அக்கற்களுள் கணிசமானவை பூமியிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்டவை அல்ல, ஆலைகளில் ஆக்கப்பட்டவை. குறைந்த செலவில் அழகான நகையொன்றை அணிய விரும்பும் எவருக்கும் அக்கற்கள் போதுமானவையே. எனவே அவை விற்கப்படுவதை நாம் குறைகூறப் போவதில்லை. பற்றுச்சீட்டில் "ரூபி" என்றும் "சபையர்" என்றும் ஒற்றைச் சொல்லை மாத்திரம் எழுதிக் கொடுத்து, இயற்கைக் கல்லுக்குரிய விலையைப் பெற்றுக்கொள்ளும் வழக்கமே எமது கவனத்துக்குரியது.

இவ்வழக்கத்தின் பாதிப்பு வாங்கும் நாளில் தெரிவதில்லை. நகையை அடகுவைக்கவோ விற்கவோ செல்லும் நாளில்தான் அது வெளிப்படுகின்றது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது எத்தனையோ குடும்பங்கள் பெட்டியின் அடியில் இருந்த கல்லுத்தோட்டையும் அட்டியலையும் கைமாற்ற நேர்ந்தது. கல்லின் நிறையைக் கழித்துவிட்டுப் பொன்னின் நிறைக்கு மாத்திரம் விலை பேசப்படும்போது, "இந்தக் கற்களுக்கு ஒன்றும் இல்லையா?" என்று கேட்காத தாய்மார் குறைவு. சீதனமாகக் கொடுக்கப்பட்ட நகையில் கல்லுக்கென ஒரு தொகை முன்னரே செலுத்தப்பட்டிருந்தால், அத்தொகை உண்மையில் எதற்காகச் செலுத்தப்பட்டது என்ற வினா எழுவது நியாயமே.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். எம்மவரிடையே "மாணிக்கக்கல்" என்ற சொல் சிவப்புக் கல்லையும் குறிக்கின்றது. பொதுவாக எல்லா இரத்தினக்கற்களையும் குறிக்கின்றது. அதேபோன்று "செயற்கை", "போலி" ஆகிய இரண்டும் ஒரே பொருளில் வழங்கப்படுகின்றன. இரத்தினவியலில் இவை வேறு வேறானவை. இயற்கைக் கல்லின் அதே இரசாயனச் சேர்க்கையையும் அதே பளிங்கமைப்பையும் கொண்டதாக மனிதரால் ஆக்கப்படுவது செயற்கைக் கல். செயற்கை மாணிக்கம், இரசாயன அடிப்படையில், மாணிக்கமே. தோற்றத்தில் மாத்திரம் ஒத்திருந்து உள்ளீட்டில் வேறுபடுவது போலிக் கல். சிவப்புக் கண்ணாடியை மாணிக்கமென்று பதிப்பது இவ்வகையானது. மூன்றாவது வகை, இயற்கைக் கல்லைச் சூடேற்றியோ சாயமூட்டியோ நிறத்தை மேம்படுத்துவது. வெள்ளி மோதிரங்களில் பதிக்கப்படும் அகீக் கற்களுள் பல இவ்வாறு சாயமேற்றப்பட்டவையாகும். ஒரே கல் இரண்டு வகையிலும் அடங்கலாம் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆலையில் ஆக்கப்பட்ட நீல ஸ்பினல், ஸ்பினல் என்ற வகையில் செயற்கைக் கல். நீலக்கல் என்ற பெயரில் விற்கப்பட்டால் அது போலியுமாகும்.

செயற்கைக் கல்லின் வரலாறே பெயர்ச் சர்ச்சையொன்றுடன்தான் ஆரம்பமாகின்றது. 1880 களின் நடுப்பகுதியில் "ஜெனீவா மாணிக்கம்" எனப் பின்னர் அறியப்பட்ட சிவப்புக் கற்கள் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தன. அவை இயற்கைக் கற்களாகவே விற்கப்பட்டன. நுணுக்குக்காட்டியின் கீழ் அவற்றினுள் வளிக்குமிழிகள் காணப்பட்டபோது ஐயம் எழுந்தது. 1886 ஆம் ஆண்டில் பாரிஸ் நகர இரத்தின வணிகர் சங்கம், இக்கற்கள் செயற்கையானவை என்று வெளிப்படையாகக் கூறியே விற்கப்பட வேண்டுமென முடிவு செய்தது. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் எடுக்கப்பட்ட அம்முடிவுக்கு மேலாக இன்றைய நுகர்வோரும் அதிகம் எதையும் கேட்கவில்லை.

இத்துறையை ஆய்வுகூடத்திலிருந்து ஆலைக்குக் கொண்டுசென்றவர் ஒகஸ்ட் வேர்னோய் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர். தமது ஆசிரியரான எட்மண்ட் பிரெமியுடன் இணைந்து சிறு சிறு மாணிக்கப் பளிங்குகளை ஆக்கிய அவர், பின்னர் முற்றிலும் வேறான முறையொன்றைக் கண்டறிந்தார். அதன் விபரங்களை முத்திரையிட்ட உறைகளில் 1891 இலும் 1892 இலும் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்திடம் ஒப்படைத்துவிட்டு, 1902 ஆம் ஆண்டிலேயே பகிரங்கப்படுத்தினார். உறைகள் திறக்கப்பட்டது 1910 இல். அதற்குள் உலகம் மாறிவிட்டிருந்தது. 1907 ஆம் ஆண்டளவில் இம்முறையினால் ஆண்டொன்றுக்கு 50 இலட்சம் கரட், அதாவது 1,000 கிலோகிராம் மாணிக்கம் ஆக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. இயற்கைச் சுரங்கம் எதுவும் எண்ணிப் பார்க்கவியலாத அளவு அது.

முறை எளிமையானது. மிகத் தூய அலுமினியம் ஒட்சைட்டுத் தூளுடன் நிறம் தரும் உலோக ஒட்சைட்டு சிறிதளவு கலக்கப்படுகின்றது. மேலேயுள்ள கொள்கலத்தைச் சிறு சுத்தியலொன்று தட்டத் தட்டத் தூள் சிறிது சிறிதாகக் கீழே உதிர்கின்றது. ஒட்சிசனும் ஐதரசனும் கலந்தெரியும் சுவாலையின் ஊடாக, 2,000 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் அது உருகி, கீழேயுள்ள தண்டின் நுனியில் துளித்துளியாகப் படிகின்றது. தண்டு மெல்ல இறக்கப்பட, பேரிக்காய் வடிவான பளிங்கொன்று சில மணித்தியாலங்களில் வளர்ந்துவிடுகின்றது. உள்ளே இறுக்கம் மிகுந்திருப்பதால் அது நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கும். பிளந்த துண்டுகளே பட்டை தீட்டப்படுகின்றன. மூலப்பொருளின் விலை மிகக் குறைவு. கடையில் நாம் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி வெட்டுக்கூலியும் இலாபமுமே.

வெட்டுக்கூலி என்றதும் திருச்சிராப்பள்ளி நினைவுக்கு வருகின்றது. தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பகுதிகளில் செயற்கைக் கற்களைப் பட்டை தீட்டுதல் பல தசாப்தங்களாகக் குடிசைக் கைத்தொழிலாக இருந்து வந்துள்ளது. பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட அத்தொழில், இயந்திரத்தால் வெட்டப்பட்டுச் சீனாவிலிருந்து வரும் கற்களின் போட்டியால் நலிவுற்றது தனிக்கதை.

இனி நிறங்களுக்கு வருவோம். மாணிக்கம், நீலம் ஆகியவற்றின் கனியத்தை இரத்தினவியலாளர் "கொருண்டம்" என்பர். ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் இச்சொல், குருந்தம் அல்லது குருவிந்தம் என்ற எமது சொல்லிலிருந்தே சென்றதென அகராதியாளர் கூறுவர். தூய கொருண்டத்துக்கு நிறமே இல்லை. நிறமற்ற செயற்கைக் கொருண்டம் "வெள்ளைச் சபையர்" என்ற பெயரில் ஒருகாலத்தில் வைரத்துக்குப் பதிலாகப் பதிக்கப்பட்டது. அதனுடன் குரோமியம் ஒட்சைட்டைச் சிறிதளவு சேர்த்தால் இளஞ்சிவப்பு. நூற்றுக்கு ஓரிரு பங்கு சேர்த்தால் மாணிக்கத்தின் செந்நிறம். நிக்கல் சேர்த்தால் புட்பராகம் என விற்கப்படும் மஞ்சள். குரோமியமும் நிக்கலும் சேர்ந்தால் செம்மஞ்சள். தாமரையின் இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்த "பத்பராச்சா" என்ற பெயரில் செல்வதும் இக்கலவையின் ஒரு சாயலே. பத்மராகம் என்ற சொல்லின் திரிபான அப்பெயர், இலங்கைக் கல்லொன்றுக்காக உலகம் ஏற்றுக்கொண்ட பெயர் என்பதால், அதன் துஷ்பிரயோகம் எம்மைக் கூடுதலாகவே உறுத்துகின்றது.

நீலம்தான் வேர்னோய்க்கு எளிதில் வசப்படவில்லை. நீலக் கண்ணாடியில் நிறம் தரும் கோபாற்று இதிலும் பயன்படுமென முதலில் எண்ணப்பட்டது. ஆனால் கொருண்டத்துடன் கோபாற்று சீராகக் கலக்கவில்லை. கலப்பதற்காக மகனீசியம் ஒட்சைட்டைச் சேர்த்தபோது கிடைத்தது அழகிய நீலப் பளிங்கு. ஆயின் அது நீலக்கல் அன்று, ஸ்பினல் எனும் வேறொரு கனியம். தற்செயலாகப் பிறந்த அந்த ஸ்பினல் பிற்காலத்தில் பெரும் வாணிபப் பொருளாகியது. உண்மையான நீலத்துக்குக் காரணம் இரும்பும் தைத்தேனியமும் இணைந்திருப்பதே என்பதை இரசாயனப் பகுப்பாய்வின் மூலம் கண்டறிந்த வேர்னோய், 1910 ஆம் ஆண்டளவில் அதனையும் ஆக்கிக் காட்டினார்.

வனேடியத்தின் கதை வேறு. கொருண்டத்துடன் வனேடியம் சேர்க்கப்படும்போது, பகல் வெளிச்சத்தில் சாம்பல் கலந்த நீலமாகவும், இழை மின்குமிழின் ஒளியில் செவ்வூதாவாகவும் தோன்றும் கல் கிடைக்கின்றது. இது "அலெக்சாண்ட்ரைட்" என்ற பெயரில் உலகெங்கும் உல்லாசப் பயணிகளுக்கு விற்கப்பட்டு வந்துள்ளது. மத்திய கிழக்கில் வீட்டுப் பணிபுரிந்து திரும்பும் எமது பெண்களின் கைகளிலும் இத்தகைய மோதிரங்கள் அரிதல்ல. உண்மையான அலெக்சாண்ட்ரைட், கிரிசோபெரில் என்ற கனியத்தின் வகை. எமது நாட்டிலும் கிடைக்கின்றது. அது பகலில் பசுமையாகவும் விளக்கொளியில் சிவப்பு அல்லது செங்கபிலமாகவும் மாறும். பகலில் நீலச்சாயலும் இரவில் செவ்வந்திப் பூவின் ஊதாவும் காட்டும் கல்லை அலெக்சாண்ட்ரைட் என்று ஒருவர் கூறினால் ஐயுறுவதற்கு இதுவே போதிய காரணம்.

ஸ்பினலின் நிறங்கள் இன்னும் தந்திரமானவை. ஏனெனில் அது ஸ்பினலாக விற்கப்படுவது அரிது. கோபாற்று சேர்ந்த கடும் நீலம் நீலக்கல்லாகவும், வெளிர் நீலம் அக்குவாமரைனாகவும், இளம்பச்சை தூர்மலினாகவும், மங்கனீசு தரும் மஞ்சட்பச்சை வேறு பெயர்களிலும் மோதிரங்களில் ஏறுகின்றன. மேலைநாடுகளில் பிறந்த மாதத்துக்கு ஒரு கல் என்ற வழக்கத்துக்கு ஈடுகொடுத்தது பெரும்பாலும் இந்த ஸ்பினலே. எம்மவர் நவரத்தின மோதிரங்களில் உள்ள மலிவான நீலங்களையும் ஒரு தடவை சோதித்துப் பார்க்கலாம். சிவப்பு ஸ்பினலை மாத்திரம் சுவாலை முறையில் ஆக்குவது கடினம், வெடித்துவிடும்.

நட்சத்திரக் கற்கள் எமது நாட்டின் தனிப்பெருமைகளுள் ஒன்று. 1947 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லிண்டே நிறுவனம் செயற்கை நட்சத்திரக் கற்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தைத்தேனியம் ஒட்சைட்டைச் சேர்த்து ஆக்கிய பளிங்கை மீண்டும் நீண்ட நேரம் சூடேற்றினால், மெல்லிய ஊசிகள் உள்ளே பிரிந்து படிந்து ஆறு கதிர்களைத் தோற்றுவிக்கும். ஆனால் இக்கற்களின் நட்சத்திரம் தேவைக்கு அதிகமாகவே நேர்த்தியானது. கதிர்கள் கூர்மையாக, கல்லின் மேற்பரப்பில் வரைந்தவை போன்று நிற்கும். இலங்கை நட்சத்திரக் கல்லில் நட்சத்திரம் சற்றே சாய்ந்திருக்கும். கதிர் ஒன்று மங்கியிருக்கும். அடிப்பாகம் நிறையைக் காக்கும் பொருட்டு ஒழுங்கின்றி விடப்பட்டிருக்கும். குறை உள்ளதே நிறைவானது என்று கூறத்தக்க வணிகம் உலகில் இது ஒன்றுதானோ என்னவோ.

மரகதத்தைச் சுவாலையில் ஆக்க முடியாது. உருக்கினால் அதன் அமைப்புச் சிதைந்துவிடும். எனவே உருகிய உப்புகளில் கரைத்து மாதக்கணக்கில் பளிங்காக்கும் முறையும், அழுத்தமூட்டிய வெந்நீரில் வளர்க்கும் முறையும் பயன்படுகின்றன. அமெரிக்கரான கரோல் சாத்தம் 1930 களில் முதல் முறையில் வெற்றி கண்டார். தமது கற்களை எப்பெயரால் விற்பது என்பது குறித்து அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழுவுடன் அவர் நீண்டகாலம் வாதிட நேர்ந்தது. 1960 களில் "சாத்தம் ஆக்கிய மரகதம்" என்று விற்க அனுமதி கிடைத்தது. ஆக்கியவரின் பெயரும், ஆக்கப்பட்டது என்ற சொல்லும் முன்னே வந்துவிட்டால் ஏமாறுவதற்கு இடமில்லை அல்லவா? சாத்தமின் மரகதத்தை விரும்பி வாங்கியோர் ஏராளம் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

வெந்நீர் முறையில் ஆக்கப்படும் செவ்வந்திக்கல் 1970 களிலிருந்து பெருமளவில் உலாவுகின்றது. அதனை இயற்கையினின்றும் பிரித்தறிவது நிபுணருக்கும் எளிதன்று. கல்லே மலிவானது என்பதால் பரிசோதனைக்கு எவரும் செலவிடுவதில்லை.

வைரத்தின் இடத்தில் இன்று மிகப் பரவலாக அமர்ந்திருப்பது "அமெரிக்கன் டயமண்ட்" எனவும் "சிஸட்" எனவும் கடைகளில் வழங்கும் கியூபிக் சிர்கோனியா. 1970 களில் சோவியத் விஞ்ஞானிகள் இதனைப் பெருமளவில் ஆக்கும் வழியைக் கண்டனர். 1976 ஆம் ஆண்டளவில் வாணிப உற்பத்தி ஆரம்பமாயிற்று. இதற்கும் அமெரிக்காவுக்கும் உள்ள தொடர்பை நாம் அறியோம். வைரத்துடன் இதற்குத் தொடர்பே இல்லை. சீரியம் சேர்த்தால் மஞ்சளும் செம்மஞ்சளும், ஏர்பியம் சேர்த்தால் இளஞ்சிவப்பும், நியோடிமியம் சேர்த்தால் இளவூதாவும் என எந்நிறத்தையும் இதில் பெறலாம். ஒரே அளவான வைரத்திலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட நிறை கொண்டது என்பதால் பதிக்கப்படாத நிலையில் தராசே இதனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சிர்கோனியாவைச் சிர்க்கோனுடன் குழப்புவோர் பலர். சிர்க்கோன் இயற்கைக் கனியம். மாத்தறைப் பகுதியில் கிடைத்த நிறமற்ற சிர்க்கோன், "மாத்தறை வைரம்" என்ற பெயரில் நீண்டகாலம் வைரத்துக்கு ஈடாக அணியப்பட்டது. இயற்கைக் கல்லும் பெயர் மாறினால் போலியாகும் என்பதற்கு நமது தீவே ஒரு சான்று.

இலங்கையின் நிலை குறித்துச் சற்று விரிவாகக் கூறவேண்டும். இரத்தினபுரியில் கிடைக்கும் பால்நிறமான, மங்கிய கொருண்டக் கற்களை "கெவுடா" என்பர். ஒருகாலத்தில் இவற்றுக்குப் பெறுமதியே இருக்கவில்லை. 1970 களில் தாய்லாந்து வணிகர்கள் இவற்றை மலிவாக வாங்கிச் சென்று, 1,600 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் சூடேற்றி, உயர்தர நீலக்கற்களாக மாற்றினர். கல்லினுள் ஊசிகளாகப் படிந்திருந்த தைத்தேனியம் வெப்பத்தில் கரைந்து, ஏற்கெனவே உள்ள இரும்புடன் இணைவதே இதன் இரகசியம். வேர்னோய் தமது நீலத்துக்குச் சேர்த்த அதே இரும்பும் அதே தைத்தேனியமும்தான். எனினும் ஒன்று பூமியில் பிறந்து உலையில் நிறம் பெற்றது. மற்றையது உலையிலேயே பிறந்தது. சூடேற்றிய இயற்கைக் கல்லை, சூடேற்றப்பட்டது என்று கூறி விற்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை. கூறாமல் விற்றால் என்ன நேரும் என்பதை 2001 - 2002 காலப்பகுதி காட்டியது. பெரிலியத்தைக் கல்லினுள் ஊடுருவச் செய்து சூடேற்றப்பட்ட செம்மஞ்சள் கற்கள் அவ்விபரம் கூறப்படாமல் சந்தையில் குவிந்து, பத்பராச்சாவின் மீதான நம்பிக்கையையே ஆட்டங்காணச் செய்தன.

செயற்கைக் கல் வெட்டிய வடிவில் மாத்திரம் வருவதில்லை என்பதையும் வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று. செயற்கைக் கொருண்டத் துண்டுகளைத் தேய்த்தும் கீறியும் ஆற்றுக் கற்களைப் போன்று உருமாற்றி, இப்போதுதான் இல்லத்திலிருந்து எடுத்தது என்று அகழ்விடங்களுக்கு அருகிலேயே விற்கும் மோசடி இத்துறையினர் நன்கறிந்த ஒன்று. "இரத்தினபுரியிலேயே வாங்கினேன்" என்பது கல்லுக்குச் சான்றாகாது. "பாட்டி காலத்து நகை" என்பதும் அவ்வாறே. செயற்கை மாணிக்கம் 1900 களின் முதற் தசாப்தத்திலேயே டன் கணக்கில் வந்துவிட்டது என்பதை முன்னரே குறிப்பிட்டோம். 1920 களில் செய்யப்பட்ட அட்டியலின் சிவப்புக் கற்கள் ஆலைக் கற்களாக இருப்பதில் வியப்பில்லை. நாட்டிய நகைகளிலுள்ள கெம்புக் கற்கள் பெரும்பாலும் செயற்கை மாணிக்கம் அல்லது கண்ணாடி.

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் இரத்தின வீதி வருணிக்கப்படும் இடத்தில் வைரத்தின் குற்றங்களும், மாணிக்கத்தின் நால்வகையும் பெயர் கூறி எடுத்துரைக்கப்படுகின்றன. கல்லின் நிறத்தோடு அதன் குற்றத்தையும் அறிந்தவனே வணிகன் என்ற கருத்து அக்காலத்திலேயே இருந்தது. கண்ணகியின் வழக்கும் சிலம்பின் உள்ளே இருந்தது முத்தா மாணிக்கமா என்பதில்தானே முடிவுற்றது? இன்றைய ஆய்வுகூடமும் கல்லின் உள்ளேதான் பார்க்கின்றது.

அங்கு காணப்படுபவை எவை? சுவாலை முறையில் வளர்ந்த கல்லின் மேற்பகுதி உருகிய நிலையில் வளைந்திருப்பதால், அடுக்குகளும் வளைகோடுகளாகவே படிகின்றன. இயற்கைக் கல்லில் நிறப்பட்டைகள் நேர்கோடுகளாக, அறுகோணத்தின் மூலைகளில் திரும்பும். பத்து மடங்கு பெருப்பிக்கும் கைவில்லையினூடாக, சிவப்பிலும் நீலத்திலும் இவ்வளைவுகளைப் பழகிய கண் கண்டுகொள்ளும். வட்டமான வளிக்குமிழிகளும் கண்டால் ஐயமே வேண்டியதில்லை. மஞ்சளிலும் செம்மஞ்சளிலும் வளைவுகள் புலப்படுவது மிகக் கடினம்; அவற்றுக்கு முனைவாக்கிய ஒளியினூடான சோதனை தேவைப்படும். ஊதாக்கடந்த ஒளியில் இலங்கை மஞ்சள் நீலக்கற்கள் பல செம்மஞ்சளாக ஒளிரும். நிக்கலால் நிறமேற்றப்பட்ட செயற்கைக் கல் அவ்வாறு ஒளிர்வதில்லை. கோபாற்று ஸ்பினல், செல்சி வடிகண்ணாடியினூடாகச் சிவப்பாகத் தோன்றும். நீலக்கல் பெரும்பாலும் கருமையாகவே நிற்கும். இயற்கைக் கல்லில் பட்டுநூல் போன்ற ஊசிகள், கைரேகை போன்ற திரவப் படலங்கள், சிறு சிர்க்கோன் மணிகளைச் சூழ்ந்த ஒளிவட்டங்கள் என ஏதேனும் ஒன்று இருக்கும். மாசுமறுவற்ற பெரிய மாணிக்கமொன்று குறைந்த விலைக்குக் கிடைத்தால், அக்குறைவிலையே போதிய விளக்கமாகும்.

இவற்றுள் எதுவும் ஆய்வுகூட வைரத்திடம் செல்லாது. 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் உயர் அழுத்தத்தில் ஆக்கிய வைரத் துகள்கள் கைத்தொழிலுக்கே பயன்பட்டன. இன்று வாயுவிலிருந்து காபனைப் படியவைக்கும் முறையிலும் ஆபரணத்துக்குரிய வைரங்கள் ஆக்கப்படுகின்றன. இந்தியாவின் சூரத் நகரம் இதன் பெரு மையம். போரன் சேர்ந்தால் நீலமும், நைதரசன் சேர்ந்தால் மஞ்சளும், கதிர்வீச்சுக்கு உட்படுத்திப் பின் சூடேற்றினால் இளஞ்சிவப்பும் பெறலாம். வெப்பச் சோதனைக் கருவி இவற்றை வைரமென்றே காட்டும். ஏனெனில் அவை வைரமே. நிறமாலைக் கருவிகள் உள்ள ஆய்வுகூடத்தாலேயே பிறப்பிடத்தைக் கூறமுடியும். உலகின் வைர வணிகத்தையே கட்டியாண்ட டீ பியர்ஸ் நிறுவனம், 2018 ஆம் ஆண்டில் கரட் 800 டொலர் என்ற விலையில் ஆய்வுகூட வைர நகைகளைத் தானே விற்கத் தொடங்கியது. விலைகள் வீழ்ச்சியடைந்த நிலையில், 2025 ஆம் ஆண்டில் அவ்வணிகத்தை மூடப்போவதாக அறிவித்தது. முதலீடாக எண்ணி ஆய்வுகூட வைரம் வாங்குவோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

பெயர் குறித்த விதிகள் உலகில் இல்லாமல் இல்லை. 2015 ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ 18323 நியமத்தின்படி "வைரம்" என்ற தனிச்சொல் இயற்கை வைரத்தை மாத்திரமே குறிக்கும். ஏனையவற்றுக்குச் செயற்கை அல்லது ஆய்வுகூடத்தில் வளர்ந்தது என்ற அடைமொழி கட்டாயமானது. இலங்கையில் 1993 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை கொழும்பில் பரிசோதனைக் கூடத்தை நடத்துகின்றது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தவறான விபரம் கூறி விற்பதைத் தடுக்கின்றது. ஆயினும் சட்டத்தின் உதவியை நாடும் நுகர்வோரிடம் எழுத்திலான சான்று இருத்தல் வேண்டும். "ரூபி மோதிரம் - 1" என்ற பற்றுச்சீட்டு எதனையும் நிரூபிக்காது. கடைக்காரர் செயற்கை ரூபி என்றே கூறினேன் என்று சாதித்துவிடலாம்.

பேருவளைச் சீனன்கோட்டையின் முஸ்லிம் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக வாய்ச்சொல்லை நம்பியே இலட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் செய்து வருபவர்கள். பொருளின் குறையை மறைத்து விற்றலை இஸ்லாமிய வணிக ஒழுக்கம் தடைசெய்வதுடன், மறைந்திருந்த குறை தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் வாங்கியவருக்கு வழங்குகின்றது. வணிகர்கள் தமக்குள் பேணும் இந்நம்பிக்கை, கல்லைப் பற்றி ஏதுமறியாத வாடிக்கையாளருக்கும் உரியதாக வேண்டும். கிரகபலனுக்காக நீலமும் புட்பராகமும் அணியும் இந்து வாசகர்கள் விடயத்திலும் இதுவே நிலை. அந்நம்பிக்கையின் சரி பிழை எமது ஆராய்ச்சிக்குரியதன்று. ஆனால் இயற்கைக் கல்லென்று கருதியே அவர்கள் பணம் செலுத்துகின்றனர் என்பதில் ஐயமில்லை.

ஆகவே கல் பதித்த நகை வாங்கும்போது பற்றுச்சீட்டில் நான்கு விடயங்களை எழுதித் தருமாறு கேட்பதில் தவறில்லை: கல்லின் கனியப் பெயர், இயற்கையா செயற்கையா என்பது, சூடேற்றல் போன்ற பதப்படுத்தல் உண்டா என்பது, கல்லின் நிறை கரட்டில் எவ்வளவு, பொன்னின் நிறை கிராமில் எவ்வளவு என்பது. எழுதித்தர மறுப்பவரிடம் கல்லுக்கென விலை கொடுக்கத் தேவையில்லை. பெறுமதி மிக்க கல்லாயின், பதிப்பதற்கு முன்னரே பரிசோதித்துச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளல் வேண்டும். பின்புறம் மூடிப் பதித்த பழைய அட்டியல்களிலும் தோடுகளிலும் ஒளி ஊடுருவாது. கல்லைக் கழற்றாமல் ஆய்வுகூடத்தாலும் முழுமையான முடிவு கூற இயலாது. கழற்றும் பொற்கொல்லர் முன்னிலையிலேயே கற்களை எண்ணி, நிறுத்து, எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.